அளவு நோட்டில் இருந்த வீடு

காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், பாதியில் நிற்கிற வீடு ஒன்றாவது வழியில் கண்ணில் படும். சுவர் எழும்பியிருக்கும், மேலே கூரை இருக்காது. தூண் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எருக்கும் கருவேலமும் முளைத்து நிற்கும். கட்டியவருக்குக் காசு தீர்ந்திருக்கும், இல்லையென்றால் பங்காளித் தகராறு வந்திருக்கும், அதுவும் இல்லையென்றால் ஆளே போயிருப்பார். மூன்றாவது காரணத்தால் நின்றுபோன ஒரு வீட்டை முடித்து, அதில் குடியிருக்கிறவள் நான். இப்போதுதான் குடும்பம் ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தையல்காரர். பத்துக்கு எட்டில் ஒரு கடை, இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை. ஒரு காலத்தில் தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் கடையிலேயே படுத்துக் கிடப்பார். ரெடிமேட் வந்த பிறகு பேண்ட் அடி மடிக்கிறதும் பள்ளிக்கூட யூனிபார்மும்தான் மிச்சம். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த திட்டம், அரிசிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் தினமும் கணக்கு எழுதிப் பழகிய கை இது. இரண்டு பேர் சம்பாத்தியத்தில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் படிக்க வைத்தோம், கட்டிக் கொடுத்தோம். அதுவரை வாடகை வீடுதான். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

அவருக்குச் சொந்த வீட்டு ஆசை ரொம்ப நாளாக இருந்தது. மூன்று சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். சட்டைக்கு அளவு எழுதுகிற நீள நோட்டிலேயே வீட்டுக்கும் அளவு எழுதுவார். ஒரு நாள் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் டேப் பிடித்தார். அதில் கொஞ்சம் கழித்து, ‘அடுப்படி மேடை - 31’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல்வரியில் யாரோ ஒருவருடைய பேண்ட் இடுப்பளவு, கீழ்வரியில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் தோளளவு. ‘மேஸ்திரிங்க எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்துல மேடை கட்டிடுறாங்க. குள்ளமா இருக்கிறவ தோளைத் தூக்கித் தூக்கியே தோசை சுடணுமா?’ என்பார்.

வேலை ஆரம்பித்தோம். செம்புராங்கல் அஸ்திவாரம் முடிந்தது, பெல்ட் முடிந்தது, சுவர் லிண்டல் மட்டம் வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அறுபத்தொரு வயது.

காவு வாங்கிய வீடு

கருமாதி முடிவதற்குள்ளேயே பேச்சு வந்துவிட்டது. ‘வீடு ஆளைக் காவு வாங்கிடுச்சு’ என்றார்கள். வாசல் திசை சரியில்லை என்றார் ஒருவர். மனையடி பார்க்காமல் கட்டியதுதான் காரணம் என்றார் இன்னொருவர். அதே வாரத்தில் ஒரு புரோக்கர் வந்து, ‘இருக்கிறபடிக்கே குடுத்துடுங்கம்மா, பார்ட்டி இருக்கு’ என்று மனை விலையை விடக் குறைவாக ஒரு விலை சொன்னார். சாவு வீட்டில் அனுதாபம் சொல்ல வருகிறவர்களுக்கு நடுவே விலை பேச வருகிறவர்களும் இருப்பார்கள். அந்த நேரத்தில் எதற்கும் தலையாட்டாதீர்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தப் பேச்சையெல்லாம் முடித்து வைத்தது என் மாமியார். எண்பதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்தபடியே, ‘எம்மகன் இருபது வருசமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மிஷின் மிதிச்சான், பீடி குடிச்சான், டாக்டர்கிட்ட போகமாட்டேன்னான். கல்லும் மண்ணும் என்ன பண்ணுச்சு?’ என்றார். பெற்ற தாயே அப்படிச் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

தலைத்திவசம் முடிகிற வரைக்கும் வேலை தொடங்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. துக்கத்துக்கு அந்த அவகாசம் வேண்டும், காகித வேலைக்கும் அது வேண்டும். ஆனால் கம்பிக்கும் சுவருக்கும் திவசம் தெரியாது. கொத்தனார் வேலை பார்க்கிற என் தம்பி மறுவாரமே வந்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிமென்ட்டைப் பால் போலக் கரைத்துப் பூசினான். சுவர்த் தலை முழுக்கக் கலவை பூசி மழைத் தண்ணீர் இறங்காமல் அடைத்தான். மிச்சமிருந்த சிமென்ட் மூட்டைகளைப் பக்கத்தில் வேலை நடந்த வீட்டுக்கு விற்றுவிட்டான். ‘மூணு மாசத்துக்கு மேல வச்சிருந்தா சிமென்ட்டு செத்துரும்க்கா, கட்டி தட்டிப்போனதை வச்சு வீடு கட்டக்கூடாது’ என்றான். அந்த இரண்டு நாள் வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், ஒரு வருடம் கழித்துச் சுவரைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்க வேண்டும்.

முதலில் காகிதம்

மனை அவர் பேரில் மட்டும் இருந்தது. உயில் எதுவும் எழுதவில்லை. ‘புருசன் சொத்து பொண்டாட்டிக்குத்தானே’ என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் ஊரும் அப்படித்தான் நினைத்தோம். 1956-ஆம் வருடத்து இந்து வாரிசு உரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்துபோனால், அவருடைய சொத்தில் மனைவிக்கும், ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும், அவரைப் பெற்ற தாய்க்கும் சரிபங்கு. அப்படியானால் எங்கள் மனைக்கு நாலு பேர் சொந்தக்காரர்கள்: நான், மகன், மகள், மாமியார். வீட்டில் பெரும்பாலும் மறந்துபோகிற பேர் இந்தக் கடைசிப் பேர்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமியாருக்கு வயது எண்பதுக்கு மேல். அவர் தன் பங்கை எழுதிக்கொடுக்காமல் போய்விட்டால், அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் சேர்ந்து பிரியும். கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் நாளைக்கு அவர்கள் பிள்ளைகளுக்கும் என்று ஒரே அடுப்படிக்குப் பத்துப் பேர் உரிமையாளர்கள் ஆகிவிடுவார்கள். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. காகிதம் சரியில்லை என்றால் நல்லவர்களுக்குள்ளேயும் மனஸ்தாபம் வரும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினோம். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் கையெழுத்தில் அது வந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து மனை மேல் கடன் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். அதன் பிறகு மாமியார், மகன், மகள் மூன்று பேரும் என் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்துக்குள் எழுதுகிற பத்திரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. பத்திரம் பதிந்ததும் பட்டாவை மாற்றினோம், மின் இணைப்பையும் பேர் மாற்றினோம்.

மகன் பேரிலேயே எழுதிவிடலாம் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். மகனே மறுத்துவிட்டான். ‘அம்மா பேர்ல இருக்கட்டும். அம்மா யாரையும் எதிர்பார்க்கக் கூடாது’ என்றான். பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உயிரோடு இருக்கிற வரைக்கும் தலைக்கு மேல் இருக்கிற கூரை உங்கள் பேரில் இருக்கட்டும். பாசம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆண்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: மனை வாங்கும்போதே இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்கள்.

யார் என்ன கொடுத்தார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். திருப்பூரில் இருந்து மகனும் மருமகளும், திண்டுக்கல்லில் இருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கொழுந்தனார், என் தம்பி, மாமியார் எல்லோரும் இருந்தார்கள். நான் என் ஓய்வுத் தொகையைச் சொன்னேன். மகன் மாதாமாதம் இவ்வளவு அனுப்ப முடியும் என்றான். மகள் தன் வளையலை அடகு வைக்கிறேன் என்றாள். நான் அவளைப் பார்க்காமல் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ‘நாங்க ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் வந்தோம் அத்தை’ என்றார். அதைக் கேட்ட பிறகுதான் சரி என்றேன். கட்டிக் கொடுத்த பெண் புருஷனுக்குத் தெரியாமல் கொடுக்கிற உதவி, பிறகு அவள் வீட்டில்தான் புகையும்.

தம்பி கூலி வேண்டாம் என்றான். அவனும் தினக்கூலிக்குப் போய்த்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். அக்கா வீட்டுக்குச் சும்மா வேலை பார்த்தால் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? ‘வெளியில உனக்கு என்ன கூலியோ அதை வாங்கிக்க. மேற்பார்வை பார்க்கிறது மட்டும் உன் சீதனம்’ என்றேன். முறைத்தான், பிறகு ஒத்துக்கொண்டான். உழைத்துச் சாப்பிடுகிற சொந்தக்காரனின் நாளை இலவசமாக எடுத்துக்கொள்வது உதவி வாங்குவது ஆகாது, அவன் பிள்ளைகளின் சோற்றை வாங்குவதாகும்.

கொழுந்தனார் ஒரு தொகை கொடுத்தார். ‘இது கடனா, கொடையா தம்பி?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். ‘என்ன மதினி இப்படிக் கேக்குறீங்க’ என்று சங்கடப்பட்டார். எனக்குச் சங்கடம் இல்லை. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு கிடையாது. பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்தே நடக்கிறது, யார் எவ்வளவு வைத்தார் என்று பேர் போட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதனால் சொந்தம் எதுவும் விட்டுப்போகவில்லை. கல்யாணத்துக்கு எழுதுகிற நாம் வீட்டுக்கு எழுதினால் மட்டும் என்ன குறைச்சல்? கொழுந்தனார் யோசித்து, ‘பாதி அண்ணனுக்காக, பாதி கைமாத்து’ என்றார். அப்படியே எழுதினேன். மகன் பணம், மகள் பணம், மகளிர் குழுவில் நான் வாங்கிய கடன், செங்கல், மணல், சாப்பாட்டுச் செலவு எல்லாம் ஒரே நோட்டில். அந்த நோட்டு சாமி அலமாரியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். மருமகளும் மாப்பிள்ளையும் பார்த்தார்கள். பார்த்ததாலேயே கேள்வி எழவில்லை.

இதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அவர் கடையில் வெட்டாத துணிகள் கிடந்தன. பேர் எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் குத்தியிருந்தது. நானும் மகனும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கொடுத்தோம். அவருக்குப் பாக்கி வைத்திருந்த சிலர் நாங்கள் கேட்காமலேயே பணத்தை எடுத்து நீட்டினார்கள். ஒரு மனிதர் போன பிறகு அவர் பாக்கியை முதலில் தீர்த்துவிட்டு வீட்டு வேலையைத் தொடங்கினால், ஊரில் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

எதை வைப்பது, எதை மாற்றுவது

நோட்டில் இருந்தபடி அப்படியே கட்டிவிட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். ‘அப்பா எழுதினதுல ஒரு இஞ்சு மாத்தக்கூடாது’ என்று அழுதாள். அவர் நோட்டில் தெருப்பக்கம் பத்துக்குப் பத்து தையல் அறை இருந்தது, மாடியில் எங்கள் இருவருக்கும் ஒரு படுக்கையறை இருந்தது. மாடி அறைக்குக் கையில் பணம் இல்லை. பணம் இருந்தாலும் என் முட்டி மாடிப்படிக்கு ஒத்துக்கொள்ளாது. தையல் அறையில் உட்கார ஆளில்லை.

அப்பா நினைவாக அந்த அறையில் மிஷினை வைத்து, படத்தை மாட்டி, விளக்கேற்றலாம் என்றாள் மகள். கடையாக வாடகைக்கு விடலாம், மாதம் ஒரு வருமானம் வரும் என்றான் மகன். இரண்டிலும் நியாயம் இருந்தது. நான் அவர் தொழிலை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் அளவுக்கு வெட்டிய துணியை அவர் இன்னொருவருக்குத் தைத்ததே இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டால் பழைய அளவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது அளவு எடுப்பார். இந்த வீட்டுக்கும் புது அளவு எடுக்க வேண்டிய நேரம் வந்திருந்தது. குடியிருக்கப் போகிறவர்கள் மாறிவிட்டார்கள்.

தையல் அறையை மாமியாருக்கும் எனக்கும் படுக்கையறை ஆக்கினோம். ஒட்டினாற்போல ஒரு கழிப்பறை, உட்கார்ந்து எழ வசதியாக வெஸ்டர்ன், பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி, வழுக்காத தரை. வாசற்படியில்லாமல் சமதளமாகக் கதவு. மிஷின் அந்த அறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. மருமகள் வரும்போது பிள்ளைகளின் துணியை அதில் தைக்கிறாள். மாடிக்கு வேண்டிய தூண் கம்பியை மட்டும் விட்டு, துருவேறாதபடி காங்கிரீட்டுக்குள் மூடிவைத்தோம். கட்ட வேண்டியவர்கள் பின்னால் கட்டிக்கொள்ளட்டும்.

அடுப்படி மேடையை மாற்றவில்லை. அது 31 அங்குலம்தான். நான்தான் சமைக்கிறேன், என் உயரம் மாறவில்லை. மேஸ்திரி வழக்கமான உயரத்துக்குச் செங்கல் வைக்க வந்தபோது தம்பி டேப்பை நீட்டிப் பிடித்து, ‘மச்சான் அளவு இது’ என்றான்.

போனவர் ஆசையை நிறைவேற்றுகிறோம் என்று சொல்கிறவர்கள் பல பேர் அந்த ஆசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆள் இருக்க முடியாத வீடு, யாரும் உட்காராத நாற்காலி, கடன் அடைக்க முடியாத மாடி. அவர் எதற்காக ஆசைப்பட்டார் என்று ஒவ்வொன்றிலும் கேளுங்கள். தையல் அறை அவர் கால் ஓய்வுக்காக, வெளியில் அலையாமல் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதற்காக. அதே ஓய்வு இப்போது அவரைப் பெற்றவருக்கு வேண்டியிருக்கிறது. நோக்கம் நிறைவேறினால் ஆசை நிறைவேறியதுதான்.

வேலை நடந்த விதம்

மேல்தளக் காங்கிரீட் போட்ட அன்று தெருவே வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வேலையாட்களுக்கு வீட்டுச் சாப்பாடு போட வேண்டும். மகளிர் குழுப் பெண்கள் வந்து அடுப்பு மூட்டினார்கள். மறுநாளில் இருந்து தளத்தின் மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை. காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வேலை. ‘பத்து நாளைக்குப் பாத்தி காயக்கூடாது, காய்ஞ்சா தளம் வெடிக்கும்’ என்று தம்பி மிரட்டி வைத்திருந்தான். இப்போது மழை பெய்து கூரை ஒழுகவில்லை என்றால், ‘நாங்க தண்ணி ஊத்தினதாலதான்’ என்று அந்தப் பொடிசுகள் பெருமை பேசுகின்றன. வீட்டு வேலையில் சிறு பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் அந்த வீட்டில் பங்கு வேண்டும்.

சென்ட்ரிங் பலகையைச் சீக்கிரம் பிரித்துத் தரச் சொல்லி வாடகைக்காரர் அவசரப்படுத்தினார். தம்பி பிரிக்கவில்லை. கூடுதல் வாடகை கொடுத்தோம். மழைநீர் சேமிப்புக் குழியும் வெட்டினோம். 2003-ல் இருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். அவர் நோட்டிலேயே குழிக்கு இடம் குறித்து வைத்திருந்தார்.

கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டும் என்பது அவருடைய இன்னொரு ஆசை. பட்டறைக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் சதுரச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூ வேலைப்பாடு உள்ள தகட்டு அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சிமென்ட்டில் கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் கலக்காமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமென்ட் மணல் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி வைக்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற விடுகிறார்கள். சூளை கிடையாது. கல் பளபளப்பது அந்தக் கண்ணாடியால். எல்லா அறைக்கும் போட எங்கள் கைக்கு எட்டாது. கூடத்துக்கு மட்டும் போட்டோம், மற்ற அறைகளுக்குச் சாதா டைல்ஸ். கூடத்தைத் துடைக்க வருகிறவளிடம் நான் முதலில் சொல்வது, ‘ஆசிட் ஊத்தாதே’ என்பதுதான். அது இந்தக் கல்லின் நிறத்தைத் தின்றுவிடும். ஆசையை முழுவதும் நிறைவேற்ற முடியாவிட்டால், அதில் ஒரு கூடத்தளவாவது நன்றாகச் செய்யலாம்.

பால் காய்ச்சியது

புதுவீட்டில் பால் காய்ச்ச ஒரு சுமங்கலிதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மருமகள் செய்யட்டும், மகள் செய்யட்டும் என்றார்கள். நான் ஒதுங்கி நின்றேன். ஊர் வழக்கம், அன்றைக்குச் சண்டை எதற்கு என்றுதான் நினைத்தேன். மாமியார் நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘ஆத்தா, இங்க வா’ என்று கூப்பிட்டார். ‘எம்மகன் அந்த மேடைக்கு யாரை நிப்பாட்டி அளவெடுத்தான்? அளவு குடுத்தவதான் பத்தவைக்கணும்’ என்றார். அவரும் முப்பது வருடமாகத் தாலி இல்லாதவர். நான் பற்றவைத்தேன். மருமகள் பால் ஊற்றினாள், மகள் சர்க்கரை போட்டாள். பால் பொங்கியது. யார் வீட்டுக் குடியும் கெட்டுப்போகவில்லை. எங்கள் தெருவில் அதற்குப் பிறகு இரண்டு வீட்டில் அம்மாமார்கள் பால் காய்ச்சியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு

வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், கட்டுகிறவர் நடுவில் போய்விட்டால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

ஆசையைச் சொல்லி வையுங்கள், எழுதியும் வையுங்கள். அவர் 31 என்று எழுதாமல் போயிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. கூடவே காகிதத்தையும் சொல்லி வையுங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடம் இருந்து வர வேண்டும், சீட்டு எங்கே கட்டுகிறோம், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரிய வேண்டும். வங்கியில் கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள், கடன்காரர் இறந்தால் கடன் தீர்கிற மாதிரி இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டோம், அது போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அதனாலேயே அவருக்கு மற்ற வாரிசுகளின் பங்கு சொந்தமாகிவிடாது. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, அந்தச் சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்துவிட்டால் பிற்காலத்தில் தகராறு குறையும். உயில் எழுதினால் சீக்கிரம் செத்துப்போவோம் என்று பயப்படுகிறவர்கள் என் வீட்டுக்காரரைப் பாருங்கள். அவர் எழுதவில்லை.

உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் வாங்கிய உதவியை எழுதாமல் வைக்காதீர்கள். மகளிர் குழுக் கடன் முடிந்துவிட்டது. மகள் வளையல் திரும்பி வந்துவிட்டது, கொழுந்தனாரின் கைமாத்துப் பாதியும் போன தையில் கொடுத்துவிட்டேன். நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தேதி போட்டுக் கோடு அடித்திருக்கிறேன்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள். உனக்கு என்ன ஆசை, நம்முடைய காகிதமெல்லாம் எங்கே இருக்கிறது. பதிலை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.